ஒரே அரங்கம், இரண்டு விளையாட்டுகள்: தகராறு எங்கே தொடங்குகிறது?

அரசுப் பணத்தில் கட்டிய ஒரு விளையாட்டு அரங்கம். அதில் கால்பந்து நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பெரிய ஆட்டத்தை அங்கே நடத்த வேண்டும் என்று கிரிக்கெட் சங்கம் கேட்கிறது. இல்லையென்றால், ஓட்டப் பாதையைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் இருக்கைகள் போட வேண்டும் என்று ஒரு கால்பந்து கிளப் கேட்கிறது. உடனே இரண்டு குரல்கள் எழும். "மக்கள் பணத்தில் கட்டியதுதானே, எல்லாரும் ஆடட்டும்" என்பது ஒன்று. "எதற்குக் கூட்டம் வருகிறதோ அதற்குக் கொடுங்கள்" என்பது மற்றொன்று.

இரண்டுமே நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு தகராறையும் தீர்க்க முடியாது. அரங்கத்தைப் பகிர்வது என்றால் நான்கு தனித்தனி விஷயங்களைப் பகிர வேண்டும்: தரை, நாள், வருமானம், மாற்றம் செய்யும் அதிகாரம். தரையைப் பற்றிய சண்டை நாளைப் பற்றிய சண்டை மாதிரித் தெரியும். வருமானத்தைப் பற்றிய சண்டை விளையாட்டுப் பற்றின் வேஷத்தில் வரும். அதனால்தான் பேச்சு இவ்வளவு குழம்புகிறது. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் யார் எதற்காகக் குரல் உயர்த்துகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

காலி நேரம் இருந்தால் போதுமா?

ஒரு பெரிய அறையை ஒரு தையல்காரரும் ஒரு நடன ஆசிரியரும் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை அவருக்கு, மாலை இவருக்கு. கடிகாரத்தின்படி ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் தையல்காரரின் ஊசிகள் தரையில் விழும். மாலையில் வெறுங்காலோடு ஆட வரும் குழந்தைகளுக்கு அது ஆபத்து. மேஜைகளைத் தினமும் நகர்த்துவது யார்? வாசலில் யாருடைய பெயர்ப்பலகை? ஆசிரியர் சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்க ஆசைப்பட்டால், தையல்காரரும் அதற்குப் பணம் தர வேண்டுமா?

இதில் எதுவும் நேரத்தைப் பற்றிய கேள்வி இல்லை. அரங்கத் தகராறுகளும் இப்படித்தான். "கால்பந்து இல்லாத வாரத்தில் கிரிக்கெட் ஆடிவிட்டுப் போகட்டுமே" என்று சொல்பவர்கள் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார்கள். முதல் மோதல் நடப்பது தரையில்.

மண்ணே ஒத்துப்போவதில்லை

கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும்ப வேண்டும். அது எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் எழும்பும் என்பதை மட்டையாளர் ஓரளவு கணிக்க முடிய வேண்டும். இதற்காக மைதானத்தின் நடுவில் களிமண் அதிகமாக உள்ள மண்ணைப் போட்டு, நீர் விட்டு, கனமான உருளையால் திரும்பத் திரும்ப இறுக்குவார்கள். புல்லை ஏறக்குறைய மொட்டையாக வெட்டுவார்கள். ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே 20.12 மீட்டர் நீளமும் 3.05 மீட்டர் அகலமும் கொண்ட இந்தப் பட்டைதான் பிட்ச். ஒரு பெரிய மைதானத்தில் இப்படிப் பல பிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்த மொத்தப் பகுதிக்கு ஸ்கொயர் என்று பெயர். அது காய்ந்தால் கல் மாதிரி இறுகும், மழை பெய்தால் வழுக்கும்.

கால்பந்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். மேல் மண்ணில் மணல் அதிகம் இருக்க வேண்டும். மழை நீர் சட்டென்று கீழே இறங்க வேண்டும். புல் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் அடர்த்தியாக நின்று, வேர் ஆழமாக ஓட வேண்டும். ஓடிவந்து சட்டென்று திரும்பும் வீரரின் காலணி முள் தரையில் பிடிக்க வேண்டும், அதே சமயம் விழுந்தால் அடிபடாத அளவு மென்மையும் வேண்டும். ரக்பிக்கும் ஏறக்குறைய இதே தேவைதான்.

இப்போது இரண்டையும் ஒரே மைதானத்தில் வைத்துப் பாருங்கள். கிரிக்கெட்டின் உயிர்நாடியான ஸ்கொயர் சரியாக நடுவில் இருக்கிறது. கால்பந்து ஆட்டத்தின் நடு வட்டமும் அங்கேதான். ஓரமாக ஒதுக்கிவைக்க வழியே இல்லை. ஸ்கொயரை அப்படியே விட்டால் கால்பந்து வீரர் கால் மூட்டைப் பணயம் வைத்து ஆடுவார். மேலே புல் வளர்த்தால், இறுகிய களிமண்ணில் அது சரியாக வேர் பிடிக்காது. இருபத்திரண்டு பேர் முள் காலணியோடு தொண்ணூறு நிமிடம் ஓடிய பிறகு அதே பட்டையில் ஐந்து நாள் டெஸ்ட் ஆடுவது எப்படி? புல் தன் வேகத்தில்தான் வளரும். ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற நாள்கள் போதாது, வாரங்கள் வேண்டும்.

கொச்சியில் 2018இல் நடந்தது இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அங்குள்ள ஜவாஹர்லால் நேரு அரங்கம் பெருநகர கொச்சி வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தமானது. கிரிக்கெட்டும் கால்பந்தும் இரண்டும் ஆடப்பட்ட இடம். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக் கால்பந்துக்காக அதன் தரையை ஃபிஃபா தரத்துக்குப் புதுப்பித்தார்கள். ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு அப்போது அதுதான் சொந்த மைதானம். 2018 மார்ச்சில், இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்தை அங்கே நடத்தும் திட்டம் வெளியானது. பிட்ச் போட வேண்டுமென்றால் புதிய புல்தரையின் நடுவைத் தோண்ட வேண்டும். கால்பந்து ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சுனில் சேத்ரி உள்ளிட்ட கால்பந்து வீரர்கள் குரல் கொடுத்தார்கள். அப்போது பிளாஸ்டர்ஸ் அணியின் இணை உரிமையாளராக இருந்த சச்சின் டெண்டுல்கரும், கொச்சியின் புல்தரைக்குச் சேதம் வரக் கூடாது, கிரிக்கெட்டைத் திருவனந்தபுரத்தில் நடத்தலாம் என்று கேட்டார். அதே கொச்சி அரங்கில்தான் 1998இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் பந்து வீசி ஐந்து விக்கெட் எடுத்திருந்தார். கிரிக்கெட்டின் மேல் வெறுப்பில் யாரும் அதைக் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கடைசியில் ஆட்டம் திருவனந்தபுரம் கிரீன்ஃபீல்டு அரங்கத்துக்கு மாறியது. 2018 நவம்பர் 1 அன்று அங்கே இந்தியா ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

இதைக் "கால்பந்து வென்றது, கிரிக்கெட் தோற்றது" என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுப் பணம் போட்டுச் செய்த ஒரு தரை, அதற்கென்று செய்த வேலைக்கே பயன்பட்டது, அவ்வளவுதான். ஒரு மாநிலத்தில் இரண்டு அரங்குகள் இருந்ததால் அது சுலபமாக முடிந்தது. ஒன்றே ஒன்று இருந்திருந்தால் கதையே வேறு.

தட்டில் வளர்த்த பிட்ச்

மண் மோதலுக்கு ஒரு தீர்வு உண்டு. அதன் பிறப்பே ஓர் அரங்கத் தகராறில்தான். 1977இல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் என்ற தொலைக்காட்சி அதிபர், கிரிக்கெட் வாரியத்துக்குப் போட்டியாகத் தொடங்கிய வேர்ல்ட் சீரிஸ் கிரிக்கெட்டுக்கு, வழக்கமான கிரிக்கெட் மைதானங்கள் கதவை மூடின. அவர்கள் மெல்பர்னில் விஎஃப்எல் பார்க் என்ற மைதானத்துக்குப் போனார்கள். அது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துக்கானது, நீள்வட்ட மைதானத்தில் ஆடும் வேறொரு விளையாட்டு அது. அங்கே பிட்ச் கிடையாது. ஜான் மேலி என்ற மைதானப் பராமரிப்பாளர் கண்ணாடிக் கூடாரத்துக்குள், கான்கிரீட் தட்டுகளில் பிட்சை வளர்த்தார். பிறகு அதைத் தூக்கி வந்து மைதானத்தில் பொருத்தினார்கள். வேறு இடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து இறக்கும் இந்தப் பிட்சுக்கு டிராப்-இன் பிட்ச் என்று பெயர்.

இன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில், அதாவது எம்சிஜியில், இந்த முறைதான். குளிர்காலத்தில் அங்கே ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, கோடையில் கிரிக்கெட். பிட்ச் தட்டுகள் கால்பந்துப் பருவம் முழுக்க வெளியே காத்திருக்கும், பருவம் முடிந்ததும் உள்ளே வரும். ஒவ்வொன்றும் பல டன் எடை, அதைத் தூக்க அதற்கென்றே செய்த வண்டி வேண்டும்.

ஆனால் இது இலவசத் தீர்வு கிடையாது. தட்டுக்குள் வளரும் மண் பூமியோடு சேர்ந்த மண்போல முதிர்வதில்லை, நாள் போகப் போக உடைந்து தன் குணத்தைக் காட்டுவதில்லை என்பது கிரிக்கெட் தரப்பின் நெடுநாள் குறை. 2017 பாக்ஸிங் டே டெஸ்டில் அலஸ்டேர் குக் 244 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், ஆட்டம் டிராவில் முடிந்தது, எம்சிஜி பிட்சுக்கு ஐசிசி "மோசம்" என்று மதிப்பீடு கொடுத்தது. இரண்டு விளையாட்டும் ஒரே இடத்தில் வாழ, கிரிக்கெட் தன் தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது என்றுதான் இதைப் பார்க்க வேண்டும். எந்தப் பகிர்விலும் இப்படி யாராவது ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். அதை யார் விடுவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாததுதான் பிரச்சினை.

வட்டம், செவ்வகம், நீள்வட்டம்

மண்ணுக்கு அடுத்தது வடிவம். சர்வதேசக் கால்பந்து ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் கொண்ட செவ்வகம். ஆண்கள் சர்வதேசக் கிரிக்கெட்டில் எல்லைக்கோடு பிட்சின் நடுவிலிருந்து ஏறக்குறைய 59 மீட்டர் முதல் 82 மீட்டர் வரை தள்ளி இருக்க வேண்டும், அதனால் மைதானம் வட்டமாக விரிகிறது. 400 மீட்டர் ஓட்டப் பாதையின் உள்ளே ஒரு கால்பந்து ஆடுகளத்தை நெருக்கித்தான் வைக்கலாம். பாதை, அதைச் சுற்றிய இடைவெளி, அப்புறம்தான் இருக்கைகள். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கால்பந்து ரசிகருக்கும் ஆட்டத்துக்கும் நடுவே பெரிய வெற்றிடம் விழுகிறது.

"கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் என்ன குடிமுழுகிப்போகும்?" என்று கேட்கலாம். அருகில் உட்காரும் கூட்டத்தின் சத்தமும், அந்த இருக்கைக்குக் கேட்கக்கூடிய விலையும்தான் ஒரு கிளப்பின் பிழைப்பு. அதனால் கிளப்புகள் ஓட்டப் பாதையைக் கண்டாலே அஞ்சுகின்றன.

அமெரிக்கா 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் இதற்கு ஒரு நடுவழி கண்டுபிடித்ததாக நினைத்தது. பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பொதுவாக, வட்டமான பெரிய கான்கிரீட் அரங்குகளைப் பொதுப் பணத்தில் கட்டினார்கள். செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா என்று நகரத்துக்கு நகரம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. இரண்டு ஆட்டத்துக்கும் பொருந்தும் என்று கட்டியது, இரண்டு ஆட்டத்துக்கும் சரியாகப் பொருந்தவில்லை. நான் சொன்ன நான்கு நகரங்களிலும் அந்த அரங்குகள் 2001 முதல் 2005 வரையிலான காலத்தில் இடிக்கப்பட்டன. பேஸ்பாலுக்கு ஒன்று, கால்பந்துக்கு ஒன்று என்று தனித்தனி அரங்குகள் எழுந்தன. ஓக்லண்ட் கொலிசியம் மட்டும், ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி அங்கிருந்து கிளம்பும் வரை, 2019 வரைக்கும், இரண்டையும் தாங்கியது. அங்கே கால்பந்துப் பருவத்தின் முதல் வாரங்களில் வீரர்கள் பேஸ்பாலின் புல் இல்லாத மண்தரைப் பகுதியிலேயே மோதி விழுந்தார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தரையும் வடிவமும் பொறியியல் சிக்கல்கள். பணமும் நேரமும் கொடுத்தால் இவற்றைப் பெருமளவு சமாளிக்கலாம், முழுவதும் தீர்க்க முடியாது. அந்தப் பணத்தை யார் தருவது என்று கேட்டவுடன் சண்டை மண்ணிலிருந்து காகிதத்துக்கு மாறுகிறது.

பொதுப் பணம் என்றால் பொதுச் சொத்தா?

இந்த இடத்தில்தான் பேச்சு மிகவும் தளர்வாக ஓடுகிறது. மூன்று பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கிறதோ அவர் உரிமையாளர். பூட்டைத் திறந்து, விளக்குப் போட்டு, புல் வெட்டி அன்றாடம் நடத்துபவர் நிர்வாகி. நீண்டகால ஒப்பந்தம் போட்டு, வருடத்தின் முக்கிய நாள்களைத் தன் கையில் வைத்திருக்கும் அணி அல்லது சங்கம் முதன்மைக் குத்தகைதாரர். அரசு இவர்களில் முதல் ஆளாக மட்டும் இருக்கலாம். மூவரில் ஒருவராகவும் இல்லாமல், வெறுமனே பணம் கொடுத்தவராகவும் இருக்கலாம்.

அரசு உரிமையாளராக இருந்தாலும், 30 வருடமோ 99 வருடமோ குத்தகைக்கு விட்டுவிட்டால் "எல்லாரும் ஆடட்டும்" என்று சொல்லும் அதிகாரம் அதனிடம் இல்லை. விற்காமலேயே கைவிட்டுப் போய்விடுகிறது. அந்த அதிகாரம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு.

மறுபக்கமும் உண்டு. சொந்தச் சொத்தாக இருந்தாலும் அரசுப் பணம் வாங்கியிருந்தால் சமூகம் கேள்வி கேட்கும். அயர்லாந்தில் கேலிக் எனப்படும் அந்நாட்டு மரபு விளையாட்டுகளை நடத்தும் ஜிஏஏ அமைப்புக்குச் சொந்தமாகப் பெரிய அரங்குகள் உண்டு. தங்கள் மைதானங்களில் கால்பந்து, ரக்பி போன்றவற்றை அனுமதிப்பதில்லை என்று அதன் 42ஆம் விதி சொன்னது. இது வெறும் வணிகப் போட்டி இல்லை, அவை பிரிட்டிஷ் ஆட்டங்கள் என்ற எண்ணமும் இருந்தது. 1920இல் டப்ளினில் ஜிஏஏவின் கிரோக் பார்க் மைதானத்தில் பிரிட்டிஷ் படைகள் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அந்த நினைவும் அந்த விதிக்குப் பின்னால் இருந்தது. ரக்பியும் கால்பந்தும் ஆடும் லான்ஸ்டவுன் ரோடு அரங்கத்தை இடித்துக் கட்ட வேண்டிய நிலை வந்தபோது, 2005இல் ஜிஏஏ வாக்கெடுப்பு நடத்தி விதியைத் தளர்த்தியது. 2007 பிப்ரவரியில் அதே கிரோக் பார்க்கில் இங்கிலாந்து ரக்பி அணி ஆடியது. அயர்லாந்து 43-13 என்று வென்றது.

ஆனால் அந்தத் தளர்வு கிரோக் பார்க்குக்கு மட்டும். 2018இல், இளம் வயதில் புற்றுநோயால் இறந்த கால்பந்து வீரர் லியாம் மில்லரின் குடும்பத்துக்காக ஒரு நிதி திரட்டும் ஆட்டத்தை, கார்க் நகரில் ஜிஏஏவுக்குச் சொந்தமான பெரிய அரங்கில் நடத்தக் கேட்டார்கள். விதி இடம் தராது என்று முதலில் பதில் வந்தது. அந்த அரங்கத்தைப் புதுப்பிக்க அரசு 3 கோடி யூரோ கொடுத்திருந்தது. எங்கள் பணமும் அதில் இருக்கிறதே என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். சில வாரங்களில் முடிவு மாறியது, செப்டம்பரில் அந்த ஆட்டம் அங்கேயே நடந்தது.

நல்லபடியாக முடிந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ அது நடக்கவில்லை, மக்களின் கோபத்தால் நடந்தது. இவ்வளவு நெகிழ்ச்சியான காரணம் எல்லாருக்கும் கிடைக்காது. சாதாரண ஒரு மகளிர் அணியோ பள்ளி லீக்கோ கேட்டிருந்தால் நாடு திரண்டிருக்குமா? பணம் கொடுக்கும் அன்றே "வருடத்தில் இத்தனை நாள் மற்ற விளையாட்டுகளுக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் கெஞ்சவும் வேண்டாம், யாரும் இறங்கிவரவும் வேண்டாம்.

நாட்காட்டிச் சண்டை

நாள்களைப் பற்றிய தகராறு புரிந்துகொள்ள எளிது, அதனால் இதை வேகமாகக் கடக்கலாம். விளையாட்டுப் பருவங்கள் நீண்டுகொண்டே போகின்றன. ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அப்போது யாருக்கு முதல் உரிமை என்பதுதான் கேள்வி. அரங்கம் வேறாக இருந்தாலும்கூட இது வரும். 2013இல் அமெரிக்கக் கால்பந்தின் சாம்பியனாக இருந்த பால்டிமோர் ரேவன்ஸ், வழக்கப்படி பருவத்தின் முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆட வேண்டியது. பக்கத்து அரங்கில் அன்று ஓரியோல்ஸ் அணிக்குப் பேஸ்பால் ஆட்டம் இருந்தது. இரண்டு அரங்குகளும் மேரிலாந்து மாநில அமைப்பு ஒன்றுக்குச் சொந்தம், வாகன நிறுத்துமிடமும் பொது. பேஸ்பால் தன் ஆட்டத்தை மாற்றவில்லை. சாம்பியன் அணி டென்வருக்குப் போய் ஆடியது.

உலகப் போட்டிகள் வரும்போது நிலைமை இன்னும் கடினம். அவை அரங்கத்தைப் பல வாரங்களுக்கு முழுமையாகத் தங்கள் கையில் கேட்கும். உள்ளே இருக்கும் எல்லா விளம்பரங்களையும் மறைத்துவிட்டு வெறுமையாகத் தர வேண்டும் என்றும் கேட்கும். இந்த நிபந்தனைக்குக் கிளீன் ஸ்டேடியம் என்று பெயர். ஆஸ்திரேலியா 2022 கால்பந்து உலகக்கோப்பையை நடத்த விண்ணப்பித்தபோது, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை நடத்தும் ஏஎஃப்எல் கடுமையாக எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். உலகக்கோப்பை வழக்கமாக நடக்கும் ஜூன், ஜூலை மாதங்கள் அவர்கள் பருவத்தின் நடுப்பகுதி. நீண்ட இழுபறிக்குப் பிறகு 2010இல் உடன்பாடு வந்தது. அந்த வருடக் கடைசியில் நடந்த வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு.

வருமானம் யாருக்கு?

வெளியே புல்லைப் பற்றிப் பேசினாலும், மூடிய அறைக்குள் அதிகம் பேசப்படுவது இதுதான். ஓர் அரங்கத்துக்குப் பல வழிகளில் பணம் வரும்: நுழைவுச்சீட்டு, உணவுக் கடைகள், வாகன நிறுத்தம், விளம்பரப் பலகைகள், அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை, பெரிய நிறுவனங்கள் வாங்கும் தனி அறைகள். செலவு இரண்டு வகை. கட்டும்போது ஒருமுறை போடுவது மூலதனச் செலவு. ஒவ்வொரு வருடமும் போட்டுக்கொண்டே இருப்பது நடைமுறைச் செலவு. மூலதனச் செலவுக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. நடைமுறைச் செலவுக்கு அது கிடையாது, ஆனால் சண்டைகள் எல்லாம் அதில்தான்.

இதற்கு லண்டனைவிடப் பெரிய பாடம் இல்லை. 2012 ஒலிம்பிக்குக்காகப் பொதுப் பணத்தில் கட்டிய அரங்கம் அது. பிறகு என்ன செய்வது என்பதில் பெரிய போட்டி. ஓட்டப் பாதையே வேண்டாம், இடித்துவிட்டுக் கட்டுகிறோம் என்றது டாட்டன்ஹாம் கால்பந்து கிளப். பாதையை வைத்துக்கொள்கிறோம் என்றது இன்னொரு கால்பந்து கிளப்பான வெஸ்ட் ஹாம். தடகளத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று வெஸ்ட் ஹாமையே தேர்ந்தெடுத்தார்கள். கால்பந்துக்கு முன்னே நகர்ந்து, தடகளத்துக்குப் பின்னே போகும் இருக்கைகள்தான் தீர்வு என்று திட்டமிட்டார்கள். கேட்க அழகான யோசனை. அந்த இருக்கைகளை நகர்த்த வருடத்துக்கு 3 லட்சம் பவுண்டு ஆகும் என்று முதலில் கணக்கிட்டார்கள். உண்மையில் அது 80 லட்சம் பவுண்டு வரை போகும் என்று பிறகு தெரிந்தது. அரங்கத்தை மாற்றியமைக்க மொத்தம் 32.3 கோடி பவுண்டு ஆனது. அதில் வெஸ்ட் ஹாமின் பங்கு 1.5 கோடி. 99 வருடக் குத்தகை, வருடத்துக்கு ஏறக்குறைய 25 லட்சம் பவுண்டு வாடகை. அதாவது இருக்கையை நகர்த்தும் செலவுக்கே வாடகை காணாது.

இதில் தடகளத்தின்மேல் பழி போட்டவர்கள் நிறைய. "வருடத்தில் சில வாரம் ஓடுவதற்கு இவ்வளவு செலவா?" என்றார்கள். எனக்கு இந்தக் கேள்வி வருத்தம் தருகிறது. ஒலிம்பிக் அரங்கமாகக் கட்டியதே ஓடுவதற்காகத்தான். செலவை ஏற்றியது தடகளம் இல்லை, இரண்டுக்கும் ஏற்ற மாதிரி முதலிலேயே வரைபடம் போடாததுதான். பாரிஸ் புறநகரில் 1998 உலகக்கோப்பைக்காகத் திறந்த ஸ்டாட் த பிரான்ஸ் அரங்கில், கீழடுக்கு இருக்கைகள் பின்னால் நகர்ந்து ஓட்டப் பாதைக்கு இடம்விடும்படி தொடக்கத்திலேயே வடிவமைத்திருந்தார்கள். கட்டும்போது யோசிப்பதற்கும் கட்டிய பிறகு யோசிப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

மறுபடி ஒருமுறை நிறுத்திச் சொல்கிறேன்: உரிமையாளர் யார் என்பது முதல் கேள்விதான். நாள்களில் முன்னுரிமை யாருக்கு, எந்த வருமானம் யாருக்கு, மாற்றத்தின் செலவு யாருக்கு என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் அந்த உரிமைக்கு ஏதாவது பலம் உண்டு.

பிரிந்து, பிறகு சேர்ந்தவர்கள்

சேர்ந்து வாழ முடியவே முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. அடிலெய்டு ஓவல் மைதானத்தைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிரிக்கெட் சங்கம் நடத்திவந்தது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தும் அங்கேதான் ஆடினார்கள். நிபந்தனைகளில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கால்பந்து அமைப்பு கோபித்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே ஃபுட்பால் பார்க் என்ற சொந்த மைதானத்தைக் கட்டி 1974இல் அங்கே போய்விட்டது. ஏறக்குறைய நாற்பது வருடம் பிரிவு.

அவர்களை மறுபடி சேர்த்தது அரசுப் பணம், ஆனால் பணம் மட்டும் இல்லை. ஓவலைப் புதுப்பிக்க மாநில அரசு 53.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியபோது, இரண்டு அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டு நிர்வாக நிறுவனம் அமைக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அதற்கென்று 2011இல் தனிச் சட்டமும் போட்டார்கள். கிரிக்கெட் சங்க உறுப்பினர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். ஸ்கொயருக்குப் பதில் டிராப்-இன் பிட்ச் வந்தது. 1911இல் எழுப்பிய பழைய ஸ்கோர் பலகையை அப்படியே விட்டுவைத்தார்கள், அது கிரிக்கெட் ரசிகர்களுக்கு உயிர். 2014 முதல் ஏஎஃப்எல் அணிகள் மறுபடி அங்கே ஆடுகின்றன. ஒருவர் வீட்டு உரிமையாளர், மற்றவர் வாடகைக்காரர் என்ற பழைய ஏற்பாட்டை மாற்றி, இருவரையும் நிர்வாகத்தில் பங்காளிகளாக்கியது வேலை செய்தது. அரசு தன் பணத்தை உள்ளே போடும் முன்பே இதைக் கேட்டதால்தான் கிடைத்தது. போட்ட பிறகு கேட்டிருந்தால் யார் காது கொடுத்திருப்பார்கள்?

கூட்டத்தை மட்டும் எண்ணினால்

எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பது நியாயம் மாதிரித் தோன்றும். ஐம்பதாயிரம் பேர் பார்க்கும் ஆட்டத்துக்கும் ஐந்நூறு பேர் பார்க்கும் ஆட்டத்துக்கும் ஒரே மாதிரி இடம் தர முடியுமா என்று கேட்பார்கள். ஆட்ட நாளில் தர வேண்டியதில்லைதான். ஆனால் தடகளத்தின் பயன் பார்வையாளர் வரிசையில் தெரியாது. அது விடிகாலையில் பாதையில் ஓடும் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஹாக்கி, மகளிர் கால்பந்து, பள்ளிப் போட்டிகள் எல்லாம் இப்படித்தான். இவற்றுக்கு மாற்று இடத்தை வாங்கும் வசதி கிடையாது. பெரிய விளையாட்டுக்குக் கதவு மூடினால் அது வேறு அரங்கம் கட்டும், அடிலெய்டில் கட்டிய மாதிரி. சிறிய விளையாட்டு அந்தத் தலைமுறையையே இழக்கும். பொதுப் பணம் என்ற சொல்லுக்கு ஏதாவது அர்த்தம் இருந்தால், அது முதலில் இவர்களுக்காகத்தான் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லண்டனில் தடகளம் இன்றும் பிழைத்திருப்பதற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் இல்லை. கோடையில் ஒரு குறிப்பிட்ட காலம் பிரிட்டன் தடகள அமைப்புக்கு என்று 50 வருடத்துக்கு எழுதி வாங்கியிருந்தார்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால் வெஸ்ட் ஹாம் ஆடத் தொடங்கிய முதல் வருடமே பாதை போயிருக்கும்.

ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குவது

இனி இப்படியொரு செய்தி வரும்போது எந்த விளையாட்டின் பக்கம் நிற்பது என்று யோசிப்பதற்கு முன், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் குத்தகை ஒப்பந்தம் எங்கே? வெஸ்ட் ஹாமின் ஒப்பந்தத்தை, வணிக ரகசியம் என்று சொல்லி அரங்கத்தின் பொது நிறுவனம் வெளியிட மறுத்தது. ரசிகர் குழுக்கள் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டார்கள். விவகாரம் தீர்ப்பாயம் வரை போனது. 2016 ஏப்ரலில் வெளியிட்டே ஆக வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் வாடகை எவ்வளவு என்பது மட்டுமல்ல, ஆட்ட நாளில் நிற்கும் பாதுகாப்பு ஊழியர்கள் முதல் மைதானத்தின் நான்கு மூலைக் கொடிகள் வரை எந்தெந்தச் செலவு பொதுப் பணத்திலிருந்து போகிறது என்பதும் பிரிட்டன் மக்களுக்குத் தெரிந்தது.